தோள் மொய்

முத்துப்பேச்சியின் வலது தோள் வலித்த வலியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பதினாலு வயசிலிருந்து உப்புப் பெட்டி சுமந்த தோள். வலி அதற்குப் புதிதில்லை. ஆனால் இந்த வலி அவளுடையது இல்லை. கபடிக் களத்தில் நடுக்கோட்டை ஒட்டி மல்லாந்து கிடந்தானே செல்வின், அவனுடையது.

"ஏ ஆத்தா... ஏ யம்மா..." என்று அவள் ஓலமிட்டாள். செல்வின் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அத்த, இந்தக் கத்து கத்துத? எனக்கு ஒண்ணுமே தெரியலயே."

"ஒனக்கு எப்படில தெரியும்? ஒன் வலியையெல்லாம் நானுல்லா அழுதுக்கிட்டு இருக்கேன். அசையாம கெடல, மூதி!"

உப்புவிளைக்கும் கீழப்புதூருக்கும் அரையிறுதி. வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். பாடிப் போன செல்வினைக் கீழப்புதூர்க்காரர்கள் இரண்டு பேர் காலில் பிடித்துவிட்டார்கள். அவன் கோட்டைத் தொடக் கையை நீட்டினான். நீட்டிய கையின் மேல் மூன்றாவது ஆள் விழுந்தான். கை ஒரு திசையில் நின்றது, உடம்பு வேறு திசையில் திரும்பியது. உருண்டையாக இருந்த தோள் மேசை முனை மாதிரி சதுரமாகிவிட்டது.

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு ஆளை எடுக்க வந்திருந்தார். பக்கத்தில் மைக்கோடு நின்றவரிடம் கேட்டார்.

"அந்தம்மா யாருங்க? பையனோட அம்மாவா?"

"அம்மால்லாம் இல்ல சார். மொய் வைக்க வந்தவுக."

"மொய்யா?"

"ஆமா சார். வலிப்பட்டை ரெண்டு துண்டுல்லா? ஒண்ணு அடிபட்டவன் தோள்ல, இன்னொண்ணு தாங்குதவுக தோள்ல. இவன் வலி பூரா அங்க போயிரும். ஒங்க பக்கம் கெடையாதா?"

"இருக்கு. ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்க கட்டிக்குவாங்க."

"இங்க யாரு வேணும்னாலும் கட்டலாம் சார். ஆனா வாங்குனவன் திரும்பச் செய்யணும். வலிக்கு வலி. வச்ச மொய்யத் திருப்பி வாங்காம விட்டவன் இந்தச் சீமையில உண்டா?"

மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மைதானமே சிரித்தது. முத்துப்பேச்சி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டை புதிதாக வந்தபோது இப்படி இல்லை. பெரிய வீட்டுக்காரர்கள் பல் பிடுங்கவும் குடலிறக்கத்துக்கு அறுக்கவும் உப்பளத்துப் பெண்களை வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு நாள் சுமக்கிற கூலியைவிட ஒரு பல் வலிக்குக் கூடுதல் என்றதும் வரிசையில் நின்றார்கள். மார்வலி ஒன்றைத் தாங்கப் போன ஒருத்தி அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் வலியைக் காசுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் காசைத்தானே சொன்னது? மொய்யைப் பற்றி அது மூச்சுவிடவில்லை. ஊர் அந்தச் சந்தில் நுழைந்துகொண்டது. யார் யாருக்கு எந்த வலி பாக்கி என்று எவரும் எழுதி வைப்பதில்லை. உடம்பு மறக்குமா?

இன்னொன்றும் நடந்தது. பட்டை இருக்கிறதே என்று ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து டாக்டர்களைக் குறைத்துவிட்டார்கள். நெஞ்சு, வயிறு என்று பெரிதாக அறுப்பதென்றால்தான் மருந்து. மற்றதற்கெல்லாம் வாசலிலேயே கேள்வி: "தாங்குறதுக்கு ஆள் கூட்டிட்டு வந்தீங்களா?"

முத்துப்பேச்சியின் கவலை அதுதான். மகள் மாரிக்கனிக்கு இது நிறைமாசம். மருமகனைச் சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் ஒரு ஊசி குத்துகிற வலியைத்தான் அனுப்பினாள். பயல் நின்ற வாக்கில் சாய்ந்து ஸ்டூலை உடைத்தான். முத்துப்பேச்சியே தாங்கலாம் என்றால் அவளுக்கு ரத்தக் கொதிப்பு. சின்ன வலி, கொஞ்ச நேரத்து வலி என்றால் பரவாயில்லை. பிரசவத்துக்குக் கட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காளை மாதிரி ஒரு ஆள் வேண்டும். செல்வினிடம் கேட்டபோது, "பிரசவ வலியா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல அத்த" என்று ஓடினான். ஆக, கேட்டு வாங்க முடியாது. கடன்பட வைத்துத்தான் வாங்க வேண்டும்.

அதனால் பட்டையை மடியில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து உட்கார்ந்தாள். அவள் மட்டுமா வந்தாள்? மைதானத்து ஓரத்தில் டீக்கடை போட்டிருந்த சுடலைக்கண்ணுவும் பட்டையோடுதான் இருந்தார். அவருக்குச் சிறுநீரகத்தில் கல். அது இறங்குகிற நாளில் தாங்க ஒரு திடமான ஆளைப் பிடித்து வைக்க வேண்டும்.

செல்வின் விழுந்ததும் இரண்டு பேரும் ஓடினார்கள். சுடலைக்கண்ணு பொங்குகிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். யார் பட்டை முதலில் ஏறுகிறதோ அவருக்குத்தான் மொய். முத்துப்பேச்சி முந்திக்கொண்டாள். ஒரு துண்டை அவன் தோளில் ஒட்டி, மற்றதைத் தன் தோளில் ஒட்டி, "எனக்கு! எனக்கு!" என்று கத்தி முடிப்பதற்குள் வலி வந்து விழுந்தது.

"ஏளா, நீ குறுக்க வந்து என் காலைத் தட்டிவிட்ட" என்றார் சுடலைக்கண்ணு மூச்சு வாங்கியபடி.

"ஒம்ம கால்ல நீரே தட்டி விழுந்தீரு அண்ணாச்சி. போம், பாலு கரியுது."

அப்போதுதான் முதலுதவிக்காரி ஜெபமணி பையோடு வந்து சேர்ந்தாள். பட்டையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாரு ஒட்டுனது? நான் வாரதுக்குள்ள யாரு ஒட்டுனது?"

"நான்தான் சிஸ்டரு. பய துடிச்சானே."

"துடிக்கட்டும்! எங்க வலிக்கி, எங்க மரத்துப் போயிருக்குன்னு நான் அவன்கிட்டல்லா கேக்கணும்? இப்ப அவன்கிட்ட என்னத்தக் கேக்க? அவன் தோள்ல அவனுக்கு ஒண்ணுமே கெடையாது. இப்பக் கழட்டுனா வலி ஒரேயடியா வந்து விழுந்து கையை உதறிருவான். நெல்லு அளக்குததுக்கு முன்னால மரக்கால ஒடைச்ச கதையா இருக்கு."

ஊரில் எல்லாரும் செய்கிற தப்புதான். மொய் கை நழுவிப் போய்விடுமோ என்கிற அவசரத்தில் சிகிச்சைக்கு முன்னால் வலியை அள்ளிக்கொண்டு போவது.

செல்வினுக்குத் தலைகால் புரியவில்லை. வலியில்லாத சந்தோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தான். ஜெபமணி அவன் மார்பில் கை வைத்து அழுத்தினாள்.

"படுல. வலிக்கலன்னா சரியாயிட்டுன்னு நெனைக்காத. கை இன்னும் வெளியதான் இருக்கு."

"அப்ப உள்ள போட்டு விடுங்க சிஸ்டர். போன வருஷம் எங்க கேப்டனுக்கு இங்க வச்சே போட்டீகளே. அவன் எந்திரிச்சுப் போய் ரெண்டு பாயிண்ட் எடுத்தான்."

"போடுவேன். போடலாம்னு தெரிஞ்சா போடுவேன்."

"அந்த சார் பாத்துக்கிட்டு இருக்காரு." செல்வின் குரல் தாழ்ந்தது. "இன்னும் ரெண்டு தடவ பாடிப் போயிட்டு வந்துட்டன்னா வேலை. இல்லன்னா நாளைக்கு நானும் உப்புப் பெட்டிதான்."

ஜெபமணி குனிந்தாள். அவன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தாள். ஓடுகிறது. நகத்தை அழுத்திவிட்டாள். வெளுத்த நகம் சட்டென்று சிவந்தது. விரலை மடக்கச் சொன்னாள், விரிக்கச் சொன்னாள். செய்தான். தோள்பட்டையில் கை வைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பி முத்துப்பேச்சியைப் பார்த்தாள்.

"யம்மா, இனி நான் இவனைத் தொடுவேன். நீங்க சொல்லணும்."

செல்வினின் மேல்கையை அவள் மெல்ல அழுத்தினாள். சில அடி தள்ளி உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சி துள்ளினாள்.

"ஏ பாவி! மெள்ளம்மா!"

"எப்படி இருக்கு?"

"எப்படின்னா... உள்ள நறநறங்குது. அம்மியில உப்பு நுணுக்குத மாதிரி."

ஜெபமணியின் புருவம் சுருங்கியது. "மூட்டு மட்டும் எறங்கிருந்தா அப்படி இருக்காதே. எலும்புல விரிசல் விட்டிருக்குமோ என்னவோ." பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்தாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. தோளுக்கு வெளிப்பக்கம், போலீஸ்காரங்க சட்டைக் கையில பேட்ஜ் குத்துத இடம் இருக்குல்லா, அங்க பஞ்சால தொடுதேன். தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க. அந்த எடத்துக்குப் போற நரம்பு இந்த மூட்டைச் சுத்தித்தான் போவுது. அது நசுங்கியிருந்தா தொட்டது தெரியாது."

"தெரியலன்னா?"

"இங்க வச்சு இழுக்க மாட்டேன். இருக்கிற வாக்குலயே கட்டிப் படம் எடுக்க அனுப்பிருவேன்."

"சரி."

"அப்புறம் அவன் ஒரு வருஷத்துக்கு யாருக்கும் பட்டை கட்ட முடியாது. நரம்புல அடிபட்டவன் தாங்கக் கூடாதுங்கது சட்டம்." சட்டென்று நிறுத்தினாள். மாரிக்கனியை மாசாமாசம் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறவள் அவள்தான். முத்துப்பேச்சி இந்தப் பட்டையை எதற்காக ஒட்டினாள் என்பது அவளுக்கும் தெரியும்.

செல்வின் படுத்தபடியே தலையைச் சாய்த்து முத்துப்பேச்சியைப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. "தெரியுதுன்னு சொல்லு அத்த. மாரிக்கனிக்கு நான் வாரேன். சத்தியமா வாரேன்."

ஜெபமணி பஞ்சால் தொட்டாள்.

முத்துப்பேச்சி காத்திருந்தாள். தோளின் உள்ளே எரிந்தது, அக்குளில் குத்தியது, முழங்கைவரை இழுத்தது. பஞ்சு பட்ட இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. ஜெபமணி மேலும் கீழும் வருடுவது கண்ணுக்குத் தெரிகிறது, தோளுக்குத் தெரியவில்லை.

"தெரியுதா?"

ஒரே வார்த்தை. ஆமாம் என்றால் பயல் எழுந்து விளையாடுவான், வேலை கிடைக்கும், மகளுக்கு ஆள் கிடைக்கும். கெடுதல் வந்தால் அவன் கைக்குத்தானே? அவனே கேட்கிறானே?

அவளுக்குப் புருஷனின் கால் ஞாபகம் வந்தது. உப்பில் நின்று நின்று மரத்த கால். ஆணி ஏறியது அந்த மனுஷனுக்குத் தெரியவேயில்லை. பாதம் கறுத்து நாறத் தொடங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தார். வலித்திருந்தால் அன்றைக்கே பிடுங்கிப் போட்டிருப்பார். வலிக்காததுதான் ஆளைக் கொண்டுபோனது.

"யம்மா, தெரியுதா?"

"தெரியல" என்றாள் முத்துப்பேச்சி. "ஒரு மண்ணும் தெரியல. கட்டிக் கூட்டிட்டுப் போ."

செல்வின் கத்தினான். "பொய்! பொய் சொல்லுதா சிஸ்டர்! எனக்கு ஒண்ணுமில்ல!" எழ முயன்றவனை இரண்டு பேர் பிடித்தார்கள். "என் தோளப் பத்திச் சொல்ல இவ யாரு?"

"இப்போதைக்கு அது என் தோளுல" என்றாள் முத்துப்பேச்சி. "ஆட்டாத. உயிரு போவுது."

பந்தலில் கம்பெனி அதிகாரி எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

ஜெபமணி அவன் கையை நேராக்கப் பார்க்கவில்லை. எந்தக் கோணத்தில் நின்றதோ அந்தக் கோணத்திலேயே, இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முக்கோணத் துணியால் தூளி கட்டி, உடம்போடு சேர்த்து இன்னொரு துணியால் சுற்றினாள். மறுபடி நாடி பார்த்தாள். செல்வினை வண்டியில் ஏற்றிய பிறகு முத்துப்பேச்சியிடம் வந்தாள்.

"பட்டையக் கழட்டிருங்கம்மா. இனி இதுல ஒங்களுக்கு என்ன இருக்கு?"

"கழட்டுனா?"

"அவன் வலி அவனுக்குப் போயிரும்."

"வண்டில ஊசி மருந்து இருக்கா?"

"இருந்துச்சு. பட்டை வந்த பெறவு நிப்பாட்டிட்டாங்க."

முத்துப்பேச்சி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். செல்வின் முகத்தை வண்டியின் தகரப் பக்கம் திருப்பிக்கொண்டு கேவிக்கொண்டிருந்தான். வலியில் அழுகிற அழுகை இல்லை அது. அந்த வலிதான் இவளிடம் இருக்கிறதே.

"ஒரே நாள்ல வேலை போனதையும் தோள் வலியையும் சுமக்கச் சொன்னா எப்படி? கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

"பிரஷர் இருக்குல்லா ஒங்களுக்கு?"

"அதுவும் கூட வரட்டும். எடமிருக்குல்லா?"

சுடலைக்கண்ணுவும் ஏறிக்கொண்டார். கடையைப் பூட்டவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "பாலு போச்சு, மொய்யும் போச்சு, அங்க நின்னு யாருக்கு டீ ஆத்த?" என்றார்.

உப்புவிளையிலிருந்து டவுனுக்குப் போகிற ரோடு உப்பு லாரி ஓடி ஓடிக் குழியான ரோடு. ஒவ்வொரு குழிக்கும் முத்துப்பேச்சி ஒரு சாமியைக் கூப்பிட்டாள். சாமிகள் தீர்ந்ததும் ரோடு போட்ட காண்டிராக்டரைக் கூப்பிட்டாள். அவருடைய அப்பாவைக் கூப்பிட்டாள். வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் சுடலைக்கண்ணு அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்.

"என் கையை எதுக்கு வே பிடிக்கீரு? அடிபட்டது அவன் கையில்லா?"

"ஆமால்லா" என்று எழுந்து போய்ச் செல்வினின் கையைப் பிடித்துக்கொண்டார். வலி பாதியாகக் குறைந்தது முத்துப்பேச்சிக்கு.

கொஞ்சம் போனதும் செல்வின் தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தான். ஜெபமணி அதைப் பிடுங்கினாள்.

"ஒண்ணும் வாயில போடக் கூடாது. அங்க போய் மயக்கம் குடுக்க வேண்டி வந்தாலும் வரும்."

"பசிக்கி சிஸ்டர்."

"பசி மட்டும் ஒனக்கா?" என்று முனகினாள் முத்துப்பேச்சி. "அதையும் சேத்து அனுப்பியிருக்கலாம்லா. இந்த வலியோட அதையும் நானே சுமந்திருப்பேன்."

செல்வின் சிரிக்கவில்லை. ஆனால் அழுகை நின்றது.

படத்தில் தெரிந்தது. மேல்கை எலும்பின் தலை தோள் கிண்ணத்தை விட்டு வெளியே. அதோடு அந்தத் தலைக்குக் கீழே எலும்பில் ஒரு முறிவு. களத்தில் வைத்து இழுத்திருந்தால் நரம்பு அறுந்திருக்கும் என்றார் டாக்டர். இழுத்துச் சேர்க்க ஆபரேஷன் வேண்டும், பட்டை வலியைத்தான் வாங்கும், தசையைத் தளர்த்தாது, அதற்கு மயக்க மருந்து டாக்டர் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். அவர் வந்து ஊசி போடும் வரைக்கும் முத்துப்பேச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊசி ஏறியதும் அவள் தோளிலிருந்து வலி இறங்கியது. பட்டையை உரித்து மடியில் செருகினாள். கடைசியில் கையில் மிஞ்சியது, திருப்பிச் செய்ய முடியாத ஆளுக்கு வைத்த மொய்.

மாரிக்கனிக்கு வலி கண்டது மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியான நேரம். ஆஸ்பத்திரி வாசலில் வழக்கமான கேள்வி. "தாங்குறதுக்கு ஆள் உண்டா?"

மருமகன் பட்டையைப் பார்த்ததுமே சுவரில் சாய்ந்துகொண்டான். முத்துப்பேச்சி தன் சட்டைக் கையை மடக்கினாள். "நான் கட்டுதேன். ஆனது ஆவட்டும்." ஜெபமணி அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் கட்டலாமாம்மா? ஆம்பளைக்கு ஆவுமா இது?"

சுடலைக்கண்ணு. கையில் டீக்கடைத் துண்டு.

"ஆவும் அண்ணாச்சி" என்றாள் ஜெபமணி. "கல்லு எறங்காதவரைக்கும் நீங்க கட்டலாம். பிரஷர் இல்லல்லா?"

"எங்கிட்ட கொதிச்சது அன்னைக்குப் பொங்குன பாலு ஒண்ணுதான்."

முத்துப்பேச்சி அவர் எதிரே வந்து நின்றாள். "அண்ணாச்சி, யோசிச்சுக்கிடும். ஒம்ம கல்லு எறங்குத அன்னைக்கு என்னால திரும்பச் செய்ய முடியாது. என் கொதிப்புக்கு விட மாட்டாக."

"தெரியும்."

"பெறவு எதுக்கு?"

அவர் துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "அன்னைக்கு நீ தெரியலன்னு சொன்னீல்லா. நான் முந்தியிருந்தா என் பட்டைல்லா அது? எனக்கு அந்த வாய் வந்திருக்காது. தெரியுதுன்னு சொல்லிருப்பேன்." பட்டையை வாங்கி வயிற்றில் ஒட்டிக்கொண்டார். "ம். அனுப்பச் சொல்லு. என்ன பெரிய..."

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவேயில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் பிரசவ வார்டில் கேட்ட குரல் அவருடையதுதான். வெளியே நின்ற சொந்தக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே மாரிக்கனி, "நான் முக்கணுமா, அவரு முக்கணுமா?" என்று நர்ஸிடம் கேட்டாளாம். பிள்ளை பிறந்து முதல் அழுகை அழுதபோது, சுடலைக்கண்ணுவும் கூட அழுதார். யார் அழுகை எது என்று பிரிக்க முடியவில்லை.

இருட்டுவதற்குள் செல்வின் வந்தான். கை இன்னும் தூளியில்தான் இருந்தது. இப்போது உப்பள எடைமேடையில் ஒற்றைக் கையால் வேலை. வேலைக்கு எடுக்க வந்த அதிகாரி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார். அப்படிச் சொல்கிறவர்கள் பார்ப்பதில்லை. இத்தனை நாளும் அவன் முத்துப்பேச்சியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கு நேராக அவளிடம் வந்தான்.

"அத்த, நேத்து இங்க கொசு கடிச்சிச்சு." தோளின் வெளிப்பக்கத்தைக் காட்டினான். "தெரிஞ்சிச்சு."

"வலிச்சுதால?"

"சுள்ளுன்னு."

முத்துப்பேச்சி அந்த இடத்தை விரலால் லேசாகத் தொட்டாள். அவன் சிலிர்த்தான். உள்ளே மாரிக்கனியின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில், பெற்றவளைவிடச் சோர்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார் சுடலைக்கண்ணு.

"பட்டை எப்பக் கட்டலாம்னு கேட்டேன்" என்றான் செல்வின். "நரம்பு நல்லா முளைக்கட்டும், வருஷம் ஆவட்டும்னுட்டாங்க. ஒனக்குள்ள பாக்கிய அண்ணாச்சிக்குக் குடுத்திரலாம்னு பாக்கேன். அவரு கல்லு அதுவரைக்கும் பொறுக்குமா?"

"அத நான் எப்படில சொல்ல?"

செல்வின் முத்துப்பேச்சிக்கு ஒரு தோள் வலி பாக்கி. முத்துப்பேச்சி சுடலைக்கண்ணுவுக்கு ஒரு பிரசவ வலி பாக்கி.